குறியெதிர்ப்பையும் பணையமும்

பண்டைத் தமிழகத்தில் கடன் என்பது வணிகர் வட்டிக்கு ஈந்த பொருளே எனக் கருதுவார் உளர். உலைக்கும் விருந்துக்குமாக மனையோர் கொண்ட சிறு கடன்களை அவர் எண்ணிற்றிலர். புறநானூற்றின் மூன்று பாடல்கள் இக்கடனின் இயல்பைத் தெளிவுறக் காட்டுகின்றன.

குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், அப்பொருளை எல்லோர்க்கும் வழங்குமாறு தம் மனைவிக்குக் கூறுகின்றார் (163). அவள் சுற்றத்தாரோடு, பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோரும் அங்கு எண்ணப்படுகின்றனர். குறியெதிர்ப்பையாவது அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருவது. மிகை இல்லை, ஈடும் இல்லை. ‘நெடு’ என்னும் அடை, கடன் மீளாது பன்னாள் கழிந்ததையும் தந்தோர் பொறுத்திருந்ததையும் உணர்த்துவதாகக் கொள்கிறோம். ‘நின்’ என்றதும் நோக்கத்தக்கது. புலவர் ஊர் ஊராகச் சென்றிருக்க, அண்டை மனைகள் நம்பியது அவர் மனைவியின் சொல்லையே போலும்.

வள்ளுவர் குறியெதிர்ப்பையை ஈகையினின்று பிரித்தார் (221). புலவரோ இரண்டையும் ஒருங்கு வைத்தார். இது முரண் அன்று. வள்ளுவர் கொடுப்போன் நெஞ்சை அளக்கின்றார்; புலவர் கொண்டோன் நிலையில் நின்று பேசுகின்றார்.

327ஆம் பாட்டின் தலைவன், அரசன் படையோடு வரினும் தாங்கவல்லான். ஆயினும் அவனுக்கு விளைந்தது சிறிது வரகே. அதனை முதற்கண் கடன் தந்தோர்க்கு அளந்தான். எஞ்சியதைப் பசித்த பாணர் உண்டனர். பின்னர்ச் சுற்றத்தின் வறுமை நீங்க, தன்னூர்ச் சிறியோரிடமே மீண்டும் வரகுகடன் இரக்கின்றான். விருந்தினும் கடன் முந்திற்று என்பதே இங்குக் கருதற்பாலது. பழைய கடனைத் தீர்த்தவன் ஆதலின் புதுக்கடன் கேட்க அவனுக்கு வாய் இருந்தது என்பது எம் கருத்து. பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிட்டமையால், இதற்கு உரைச்சான்று காட்ட இயலவில்லை.

316ஆம் பாட்டின் நிலை வேறு. நேற்று வந்த விருந்துக்காகத் தலைவன் தன் பழவாளை ஈடு வைத்தான். இன்று சீறியாழ் பணையம் ஆகின்றது. வாள் மறவனுக்கும் யாழ் பாணனுக்கும் பிழைப்புக்குரிய கருவிகள். அவற்றை மீட்டற்கு வழி, வேந்தனோடு பொருது பெறும் பொருள் ஒன்றே. பாட்டில் நகை மிகுதி. எனினும் அடகின் இடர் அந்நகையுள் மறைந்து கிடக்கின்றது.

முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கடன் வேறு உருக் கொள்கின்றது. கோயிற்பொருளைப் பெற்ற ஊர்ச்சபையார், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற்காசு பொலிசை செலுத்தினர், நூற்றுக்குப் பன்னிரண்டரை. அறம் என்றும் நடத்தற்பொருட்டு முதல் மீளாது நின்றது. குறியெதிர்ப்பையோ முதல் மீண்ட அன்றே முடிந்தது.