கெண்டையின் கண்ணில் முளைக்கும் முட்கள்

மேட்டூர் திறந்து கல்லணை தாண்டிவிட்டால், டெல்டா வாய்க்கால்களில் செங்காவியாய்ப் புதுத்தண்ணீர் ஓடும். அந்தக் கலங்கலிலும் கெண்டைக்குப் பகல் உண்டு, இரவு உண்டு. உச்சி வெயிலுக்கும் மங்கும் அந்திக்கும் வெளிச்சத்தில் பல்லாயிரம் மடங்கு வித்தியாசம். கூசினால் நம் கண்பாப்பா சுருங்கிக்கொள்ளும். பெரும்பாலான எலும்பு மீன்களுக்கு அது அசைவதே இல்லை. ஆகவே பகலையும் இருளையும் சமாளிக்கும் வேலை முழுவதும் விழித்திரைக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று தேடப்போய்த்தான் ஒரு பெரிய உண்மை வெளிவந்தது.

1953-இல் குனார் ஸ்வேடிசின் என்ற உடலியல் அறிஞர் மீன் விழித்திரைக்குள் நுண்ணிய மின்முனையைச் செருகி, ஒளி பட்டதும் எழும் மின்மாற்றத்தைப் பதிவு செய்தார். அது ஒளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு செல்லின் குரல் என்றே முதலில் நினைத்தார். கூம்பு செல்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் கைகோத்துப் படர்ந்திருக்கும் கிடைமட்டச் செல்களிலிருந்து அது வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மீனில் அந்தச் செல்கள் பெரியவை; மின்முனைக்கு எட்டுபவை. அதனால் பொன்மீனும் கெண்டையும் ஆய்வுக்கூடங்களின் நிரந்தர விருந்தாளிகள் ஆயின.

1979-இல் ரேனோ, லாவியோலெட், வாக்னர் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெளிச்சத்தில் பழகிய பொன்மீன், இருட்டில் பழகிய பொன்மீன் இரண்டின் விழித்திரையையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒப்பிட்டிருந்தார்கள். வெளிச்சத்தில் இருந்த மீனில், கிடைமட்டச் செல்லின் கிளைநுனிகளிலிருந்து விரல் போன்ற நுண்முட்கள் பல முளைத்து, கூம்பு செல்லின் அடிப்பாகத்துக்குள் நீண்டிருந்தன. இருட்டில் இருந்ததில் அவை அரிது. வளர்ந்த விலங்கின் நரம்பிணைப்பு ஒவ்வொரு பகலிலும் முளைத்து ஒவ்வொரு இரவிலும் உள்வாங்குகிறது! அதை எண்ணியே காட்ட முடிந்தது.

அந்த முட்களுக்கு என்ன வேலை? 1984-இல் வெய்லரும் வாக்னரும் கெண்டையில் ஆராய்ந்து, நிறங்களைப் பிரித்துணர உதவும் மின்சைகைகளோடு அவற்றைத் தொடர்புபடுத்தினார்கள். முட்களைத் தூண்டும் வேதிப்பொருள்களில் டோபமைன் ஒன்று என்பதும் பின்னர் தெரிந்தது. அதே டோபமைனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிடைமட்டச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நேரடி வாசல்களை, வயலுக்கு வயல் மடை அடைப்பதுபோல், அது அடைத்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1983-இல் கெண்டையில்தான் இதைக் காட்டினார்கள். வாசல்கள் அடைபட்டால் ஒவ்வொரு செல்லும் தன் சிறு பரப்பை மட்டும் கவனிக்கும்.

அந்த ஆய்வுகளில் வந்த சாதாக்கெண்டை நமக்கு அந்நியமல்ல. 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து, இன்று குளந்தோறும் வளர்க்கப்படும் மீன் அது. தஞ்சையில் கட்லாவும் ரோகுவும் விற்கும் எந்தச் சந்தையிலும் அதன் உறவுகளைப் பார்க்கலாம்.

நரம்பு மண்டலம் ஒருமுறை கட்டி முடித்த கட்டடம் என்ற எண்ணத்தை அசைத்த சான்றுகளில் இந்த மீனின் கண்ணும் ஒன்று. நம் பள்ளிகளில் கண்ணைப் பற்றிய பாடம் கேமராவோடு நின்றுவிடக் கூடாது. கேமரா எதுவும் தன் கம்பிகளைச் சூரியனைப் பார்த்துத் தினமும் மாற்றிக்கொள்வதில்லை. கெண்டையின் கண் மாற்றிக்கொள்கிறது. டெல்டாப் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊர் மீனிலிருந்தே கற்க வேண்டும்.