இரு மணம், ஒரு பணி

கவிதை ஒன்று ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பாதையையே மாற்றியமைத்ததுண்டு. அமெரிக்க நாட்டின் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1803ஆம் ஆண்டு பிறந்த சாரா ஹால், பதின்மூன்று மக்களுள் மூத்தவர். வறுமைக்கிடையே கல்வி பயின்று ஆசிரியப் பணியாற்றிய அவர், இளமையிலேயே செய்யுள் இயற்றும் ஆற்றல் பெற்றிருந்தார். கீழை நாட்டில் சமயப் பணியாற்றி 1822இல் மறைந்த கோல்மன் என்னும் போதகர்மீது அவர் பாடிய கையறுநிலைப் பாடலை ஜார்ஜ் டானா போர்ட்மன் என்ற இளம் போதகர் படித்தார். பாடியவரைத் தேடிச் சென்றார். 1825இல் இருவரும் மணம் புரிந்து கீழ்த்திசைக்குக் கப்பலேறினர்.

ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் நிகழ்ந்துகொண்டிருந்தமையால் அவர்கள் கல்கத்தாவில் காத்திருக்க நேர்ந்தது. 1827இல் மௌல்மீனையும் 1828இல் தவாயையும் அடைந்தனர். தவாயில் சாரா அம்மையார் பள்ளி நிறுவிக் கற்பிக்கலானார். 1829இல் மூத்த மகளை இழந்தார். அதே ஆண்டு அந்நகரில் மூண்ட கிளர்ச்சியினின்று உயிர்தப்பினார். மறு ஆண்டு மற்றொரு குழந்தையும் மறைந்தது. எலும்புருக்கி நோயால் நலிந்த போர்ட்மன், கட்டிலில் கிடந்தவாறே கரேன் மக்களின் ஊருக்குச் சுமந்து செல்லப்பட்டார். அங்கு அவர்கள் திருமுழுக்குப் பெறுவதைக் கண்டு திரும்பும் வழியில், 1831 பிப்ரவரி 11 அன்று உயிர்நீத்தார்.

தாபதநிலை எனத் தமிழ் இலக்கணம் சுட்டும் கைம்மை நிலை இருபத்தேழாம் வயதில் அவருக்கு வாய்த்தது. தாய்நாடு திரும்புவதே அன்றைய வழக்கம். அவரோ திரும்பவில்லை. பள்ளிகளைத் தொடர்ந்து நடத்தினார்; சிறு மகன் ஜார்ஜை உடன்கொண்டு காடும் மலையும் கடந்து கரேன் சிற்றூர்களுக்குச் சென்றார். கணவரின் பணியைத் தம் பணியாகவே அவர் ஏற்றமை இங்கு நினையத்தக்கது.

விவிலியத்தைப் பர்மிய மொழியில் பெயர்த்த ஆடோனிராம் ஜட்சன், தம் மனைவி ஆன் அம்மையாரை 1826இல் இழந்து தனித்து வாழ்ந்தவர். அவருக்கும் சாராவுக்கும் 1834 ஏப்ரல் 10 அன்று தவாயில் திருமணம் நிகழ்ந்தது. துயரை அறிந்த இருவர் ஒரே பணியின் பொருட்டும் ஒருவருக்கொருவர் துணையாகவும் இணைந்த மணம் அது. முதல் கணவரின் நினைவை மறந்தமையால் விளைந்ததன்று. எனினும் அதே ஆண்டில், ஆறு வயது ஜார்ஜைக் கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்ப நேர்ந்தது. அம்மகனைத் தாய் மீண்டும் காணவேயில்லை. பிற்காலத்தில் அவர் பிலடெல்பியாவில் புகழ்பெற்ற போதகராக விளங்கினார்.

மௌல்மீனில் வாழ்ந்த பதினோராண்டுகளே அம்மையாரின் இலக்கியப் பணி செழித்த காலம். பர்மிய மொழியில் இசைப்பாடல்கள் இயற்றினார். சபை மக்கள் கூடிப் பாடுவதற்குரிய பாடல் தொகுப்பினை உருவாக்கினார். ஒரு மொழியின் இசையை உணர்ந்து அம்மொழியிலேயே பாட்டியற்றுவது, அம்மொழியில் பிறவாதார்க்கு எத்துணை அரிதென்பதைக் கவிஞர் அறிவர். ஜான் பனியனின் பயண நூலின் முதற்பகுதியையும் அவர் பர்மிய மொழியில் பெயர்த்தார். எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை தமிழில் இரட்சணிய யாத்திரிகமாகப் பாடியதும் அந்நூலைத் தழுவியே. மோன் மொழியையும் கற்று, அம்மொழியில் சிறு நூல்கள் பெயர்க்கப்படுவதை மேற்பார்த்தார்.

எட்டு மகப்பேறுகளும் இடையறாத நோயும் உடலை வாட்டின. 1845 ஏப்ரலில் கணவருடனும் மூத்த மக்கள் மூவருடனும் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டார். இளைய மூவர் பர்மாவிலேயே விடப்பட்டனர். மொரிசியசுத் தீவில் உடல்நலம் சற்றுத் தேறியது. கணவர் தம் பணிக்குத் திரும்பட்டும், தாம் பயணத்தைத் தொடரலாம் எனத் துணிந்து, அங்குப் பிரிவுப் பாடலொன்றை எழுதினார். ஆயின் நோய் மீண்டும் முற்றவே, கணவர் உடன் சென்றார். செப்டம்பர் 1 அன்று செயிண்ட் எலினாத் தீவின் துறைமுகத்தில் அம்மையார் உயிர்துறந்தார். அன்றே அடக்கம் நிகழ்ந்தது. அன்று மாலையே கப்பலும் புறப்பட்டது. இலங்கையில் பணியாற்றிய போதகர் ஒருவரின் மனைவி, அவரும் தாய்நாடு திரும்பும் வழியில் மாண்டவர், அவர் கல்லறையின் அருகே சாரா அம்மையார் உறங்குகிறார்.

அவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்கு ஜட்சன் நாடிய எழுத்தாளர் எமிலி சப்பக். 1846இல் அவரே ஜட்சனை மணந்தார். அவர் எழுதிய வரலாறு 1848இல் வெளிவந்தது. மறைந்த மனைவியின் புகழை, அவரிடத்தில் வந்தமர்ந்த மனைவியே எழுதி நிலைநிறுத்தினார். முதல் மணத்திற்குக் காரணம் ஒரு கையறுநிலைப் பாடல். இறுதி எழுத்தோ ஒரு பிரிவுப் பாடல். இவ்விரண்டிற்கும் இடையில் அயல்மொழியில் ஒரு மக்கள் பாடுவதற்குப் பாட்டுகள் தந்தார். இருவருக்கு மனைவி என்னும் பெயரோடு அமையாமல், பாடலாசிரியர் என்னும் பெயரோடும் அவரை நினைவதே முறை.