வெட்டாத புல் கத்தரி: போனது பேட்டரியா, சார்ஜரா?

பழைய கார்ட்லெஸ் தோட்டக் கருவிகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரே தீர்ப்புதான் வரும்: "பேட்டரி போயிடுச்சு, தூக்கிப் போடு." 1960-களிலிருந்து 2000 வரைக்கும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்ற புல் கத்தரி, ஹெட்ஜ் டிரிம்மர் எல்லாவற்றுக்கும் கடைசியில் இதே கதிதான். தீர்ப்பு முக்கால்வாசி சரி. ஆனா ஏன் போச்சுன்னு தோண்டிப் பார்த்தா, குற்றவாளி பேட்டரி மட்டும் இல்லை.

கதையை ஸ்வீடனில் ஆரம்பிக்கணும். 1899-ல் வால்டெமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் மின்கலத்தை உருவாக்கினார். இது திறந்த வகை. உள்ளே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கும், சார்ஜ் ஏறும்போது வாயு வெளியே வரும், அப்பப்ப தண்ணீர் ஊற்றணும். அசையாம ஓரிடத்தில் நிற்கிற வேலைக்கு இது போதும். ஆனா கையில் பிடிச்சு, சாய்ச்சு, தலைகீழாப் பிடிச்சுப் புல் வெட்டற கருவிக்குள் வைக்கவே முடியாது.

வழி பிறந்தது 1947-ல். ஜார்ஜ் நியூமன் மின்கலத்தை முழுசா மூடி அடைப்பதில் வெற்றி கண்டார். இதுல உள்ள யுக்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். காட்மியத் தகட்டைத் தேவைக்கு மேல் பெரிசா வைப்பாங்க. அதனால் நிக்கல் தகடுதான் முதலில் நிரம்பும். நிரம்பின பிறகும் மின்சாரம் வந்துகிட்டே இருந்தா அங்கே ஆக்சிஜன் உண்டாகும். அது நடுவில் இருக்கிற பிரிப்பான் வழியாகக் காட்மியத் தகட்டுக்குப் போய் அங்கேயே கரைஞ்சுடும். காட்மியத் தகடு ஒருபோதும் முழுசா நிரம்பாது, அதனால் ஹைட்ரஜனும் கிளம்பாது. கூடுதலாக வந்த மின்சாரம் எல்லாம் வெறும் சூடாக வெளியேறும்.

இந்த வேதியியலில் இருந்துதான் அந்த மலிவான சார்ஜர் பிறந்தது. சூடு அளவா இருக்கணும்னா மின்னோட்டம் குறைவா இருக்கணும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வச்சாங்க. 1.2 ஆம்பியர்-மணி மின்கலத்துக்கு 120 மில்லிஆம்பியர். ஏற்றும்போது ஒரு பகுதி வீணாப் போறதால் 10 மணி நேரத்துக்குப் பதிலா 14, 16 மணி நேரம் ஆகும். நிரம்பிச்சான்னு பார்க்க எந்தச் சுற்றும் தேவையில்லை. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், ஒண்ணு ரெண்டு டயோடு, சிலதில் ஒரு ரெசிஸ்டர். அவ்வளவுதான் சார்ஜர்! இதைக் கேலி பண்றவங்க உண்டு. அந்தக் காலத்துச் செலவுக் கணக்குக்கு இது புத்திசாலித்தனமான வடிவமைப்புன்னுதான் நான் சொல்வேன்.

1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் தன் முதல் கார்ட்லெஸ் டிரில்லைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே, 1962-ல், கார்ட்லெஸ் ஹெட்ஜ் டிரிம்மர். (நாசா நிலவுக்குப் போனதால்தான் கார்ட்லெஸ் கருவி பிறந்தது என்று இன்னும் பலர் எழுதறாங்க. தேதியைப் பாருங்க. அப்பல்லோ 15 நிலவில் துளை போட்டது 1971-ல். அந்த டிரில்லில் இதே கம்பெனிக்குப் பங்கு இருந்தது உண்மை, ஆனா கடைக்கு வந்தது பத்து வருஷம் முந்தி.)

இப்ப விஷயத்துக்கு வருவோம். டிரில் வருஷம் முழுக்க ஓடும். தோட்டக் கருவி அப்படியில்லை. குளிர் நாடுகளில் வசந்தத்தில் எடுத்தா இலையுதிர் காலம் வரைக்கும்தான் வேலை. மிச்ச மாசமெல்லாம் கொட்டகைச் சுவரில் தொங்கும், பெரும்பாலும் சார்ஜரோட பிளக்கிலேயே. நின்னுபோகாத 120 மில்லிஆம்பியர், மாசக்கணக்கில். சூட்டில் பிரிப்பான் மெல்லச் சீரழியும், ஈரம் காயும். அதோட, உறையற குளிரில் ஆக்சிஜன் கரையற வேகமும் குறையும். அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு வழியா வாயு கொஞ்சம் கொஞ்சமா வெளியே போகும். சார்ஜரிலிருந்து கழற்றி வச்சா வேற தொல்லை: மின்கலம் தானாகவே வடியும், வடிஞ்சு கிடக்கும்போது காட்மியப் படிகங்கள் ஊசிமாதிரி வளர்ந்து பிரிப்பானைத் துளைச்சு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் பண்ணும். எப்படி வச்சாலும் குளிர்காலம் அதைத் தின்னும்.

இந்த இடத்தில்தான் "மெமரி எஃபெக்ட்" என்ற பேச்சு நுழைஞ்சது. அசல் நிகழ்வு செயற்கைக்கோள்களில் கண்டது. பூமியைச் சுத்தும்போது வெயிலில் ஏற்றி, நிழலில் அதே ஆழத்துக்கு இறக்கி, ஆயிரக்கணக்கான தடவை பிசகாமல் ஒரே சுற்று. அதனால் அந்த ஆழத்துக்குக் கீழே மின்னழுத்தம் சரியும். வீட்டுப் புல் கத்தரியை யாரும் அவ்வளவு ஒழுங்காப் பயன்படுத்தறதில்லை! அங்கே காணற சரிவு, நீண்ட நாள் அதிகமா ஏற்றினதால் வர்றது. ரெண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கறதால் ஒரே பேர் ஒட்டிக்கிச்சு.

பேர் மட்டும்தானே என்று விட முடியாது, வைத்தியம் தப்பாப் போச்சு. "முழுசா வடிய விட்டுட்டு ஏத்து" என்று ஊரெல்லாம் அறிவுரை. தொடரா இணைச்ச மின்கலங்களில் ஒண்ணு பலவீனமா இருந்தா, அது முதலில் காலியாகும். மத்ததெல்லாம் சேர்ந்து அதைத் தலைகீழாக இழுக்கும், அப்ப ஹைட்ரஜன் வரும், வால்வு திறக்கும். தனி மின்கலத்துக்கு உதவற மருந்து, கோர்த்த தொகுப்புக்கு விஷம். மோட்டார் வேகம் குறைஞ்ச உடனே நிறுத்தறதுதான் சரி.

என் மேசையில் 80-களைச் சேர்ந்த புல் கத்தரி ஒண்ணு இருக்கு. 3.6 வோல்ட், அதாவது 1.2 வோல்ட் மின்கலம் மூணு. இரவு முழுக்க ஏற்றியும் கத்தி முனகுச்சே தவிர வெட்டலை. முதலில் சார்ஜரைப் பார்த்தேன். பேட்டரி இல்லாம மீட்டரில் காட்டற வோல்ட்டை நம்பக்கூடாது, சீராக்காத சார்ஜர் லேபிளில் இருப்பதோடு ஒத்துப்போகாது. மீட்டரைத் தொடரா வச்சு மின்னோட்டத்தைப் பார்க்கணும். லேபிள் 150 மில்லிஆம்பியர், வந்தது 146. சார்ஜர் நல்லாயிருக்கு. நாற்பது வருஷத்துக்கு அப்புறம்! பிறகு மின்கலங்களைத் தனித்தனியா: 1.29, 1.28, மூணாவது சைபர். முனையில் வெள்ளையாப் பூத்திருந்தது, கசிஞ்ச பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றில் உறைஞ்சது. கண்ணாடியும் கையுறையும் இல்லாம இதைச் சுரண்டாதீங்க.

சைபர் காட்டறதை அதிக மின்னோட்டத்தால் "அடிச்சு" எழுப்பற பழக்கம் உண்டு. ஊசிப் படிகம் எரிஞ்சு போகும், மின்கலம் கண் விழிக்கும். ஆனா பிரிப்பானில் ஓட்டை அப்படியேதான் இருக்கு, சில நாளில் மறுபடி அதே நிலை. வெடிக்கிற ஆபத்தும் சேர்ந்து வருது. நான் செய்யலை. மூணையும் மாற்றிட்டேன், ஒண்ணை மட்டும் மாற்றினா பழசு ரெண்டும் பின்தங்கும். தகடு வச்சு வெல்ட் பண்ணின நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வாங்கினேன், மின்கலத்தின் மேல நேரா சால்டர் வச்சா உள்ளே சீல் உருகும். இந்தப் பழைய சார்ஜரில் லித்தியம் மட்டும் கூடவே கூடாது. அதிகமா ஏறினதை ஆக்சிஜனாக்கி விழுங்கற யுக்தி அதுக்குள்ளே கிடையாது, தீப்பிடிக்கும்.

காட்மியம் மின்கலமே புதுசா வாங்கியிருக்கலாமேன்னு கேட்கலாம். ஜப்பானில் ஜின்ஸு ஆற்றுப் பக்கம், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் நெல் வயலில் கலந்து, எலும்பு முறிஞ்சு வலியில் துடிச்சாங்க மக்கள். "இத்தாய்-இத்தாய்" என்றே அந்த நோய்க்குப் பேர், "வலிக்குது வலிக்குது" என்று பொருள். 1968-ல் ஜப்பான் அரசு காட்மியத்தைக் காரணமாக ஏற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் சிறு பேட்டரிகளில் காட்மியத்தைக் கட்டுப்படுத்தினபோதும் கார்ட்லெஸ் கருவிகளுக்கு விலக்கு கொடுத்தது. அந்த விலக்கு 2016 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. இந்தியாவில் 2001 விதிகள் ஈய-அமில பேட்டரியை மட்டும்தான் பார்த்தன, 2022 விதிகள்தான் மத்த வகைகளையும் சேர்த்தன.

கழற்றின மூணு மின்கலத்துக்கும் முனையில் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வச்சிருக்கேன், மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுக்க. சார்ஜருக்கு ஒரு டைமர் சாக்கெட் போட்டாச்சு.