கிதிஸ் நாடகக் கல்விக்கழகம்

மாஸ்கோவிலுள்ள கிதிஸ், 1878இல் இசைப் பள்ளியாகத் தொடங்கி ருஷ்ய மொழி நாடகக் கல்வியின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நடிப்புத் துறையில் சேர வருவோர் நீதிக்கதை, கவிதை, உரைநடை மூன்றையும் மனப்பாடமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். நீதிக்கதையாசிரியர் கிரிலோவின் கதைகள் அங்கே அடிக்கடி ஒலிக்கும். தேர்வானோர் ஒரே ஆசானின் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் பயில்கின்றனர். இக்கல்வியின் உயிர்நாடி இதுவே. தொடக்கத்தில் வசனத்தைவிட ‘எத்யூட்’ எனும் சிறு பயிற்சிக் காட்சிகளுக்கே முதலிடம்: இல்லாத ஊசியில் இல்லாத நூலைக் கோக்கும்போதும் விரல்கள் பொய் சொல்லக் கூடாது. ருஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடம் பயின்ற மரியா க்னேபெல், மேசையைச் சுற்றி அமர்ந்து நாடகத்தை நெடுநேரம் வாசிப்பதைக் குறைத்து, எழுந்து நடித்தே நாடகத்தைப் புரிந்துகொள்ளும் முறையை இங்கே கற்பித்தார். போலந்து இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியும் 1950களில் இங்கு பயின்றவர். இங்கு கற்பித்த இயக்குநர் பியோத்தர் ஃபோமென்கோவின் பட்டறை மாணவர்கள் கலைந்துபோகாமல், 1993இல் தனி நாடக அரங்கமாகவே நிலைபெற்றனர்.