இரும்பில் எழுதிய எழுத்துகள்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் பயில்வோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. வாசகத்தின் பொருளுக்குள் நுழையுமுன் அதன் எழுத்தமைதியை நோக்குவர். எவர் பொறித்தார், எப்போது பொறித்தார், பிற்காலத்தார் கை எங்கே புகுந்தது என ஆராய்வர். இதே பழக்கமுடையோர் நாம் எதிர்பாராத வேறொரு துறையிலும் உளர். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்கும் மேலைநாட்டாரே அவர்கள். கவிஞர் அவையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். அக்கருவி சுடுவது பற்றியன்று, அதன்மேல் எழுதப்பட்டிருப்பது பற்றியே இங்குப் பேச விழைகிறேன்.

ஜெர்மன் தரைப்படை 1908ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட லூகர் துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதன் சட்டகத்தின் முன்புறத்திலும், குழலின் அடியிலும், குழல் பொருந்தும் பகுதியின் இடப்பக்கத்திலும் முழு வரிசை எண் காணப்படும். விசை, பக்கத் தகடு, முழங்கை போல் மடங்கி எழும் மேலிணைப்பு முதலிய சிற்றுறுப்புகளில் அவ்வெண்ணின் கடைசி இரு இலக்கங்கள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு துப்பாக்கியின் உறுப்புகளும் கையால் இழைத்துப் பொருத்தப்பட்டமையால், பிரித்துத் துடைத்தபின் ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் சென்று சேர்ந்துவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. உடன் வழங்கிய இரு மேகசின்களுக்கும் எண் உண்டு. இரண்டாவதற்குக் கூட்டல் குறியொன்று சேரும். எண்கள் யாவும் ஒத்திருந்தால் விலை உயர்வு. ஓர் உறுப்பு வேறானாலும் மதிப்புக் குறைவு.

ஆயினும் எண்ணை மட்டும் கொண்டு ஒரு துப்பாக்கியை இன்னதென்று துணிய இயலாது. 1 முதல் 10000 வரை சென்றபின் எண் மீண்டும் ஒன்றிலிருந்தே தொடங்கும். அப்போது ஓர் எழுத்து பின்னொட்டாக வரும். அவ்வெழுத்தின் வரிசை முடிந்தால் அடுத்த எழுத்து. லூகரில் ஆண்டு பிறந்ததும் யாவும் புதிதாகத் தொடங்கும். எனவே ஒரே எண் பல துப்பாக்கிகளில் இருத்தல் இயல்பே. எண், பின்னொட்டு, ஆண்டு, ஆலை ஆகிய நான்கும் கூடினால்தான் ஒரு பொருளின் அடையாளம் முழுமை பெறும்.

வரிசை எண் எவ்வளவு பேசும் என்பதைப் பகைவரும் அறிந்திருந்தனர். கைப்பற்றிய ஜெர்மன் டாங்கிகளின் உறுப்பு எண்களைக் கணக்கிட்டு, 1942 ஆகஸ்ட்டில் மாதம் 327 டாங்கிகள் உருவாயின என நேசநாட்டுப் புள்ளியியலார் மதிப்பிட்டனர். ஒற்றர் வழி வந்த மதிப்பீடோ 1550. போருக்குப்பின் ஜெர்மானியரின் ஏடுகளைப் பார்த்தபோது தெரிந்த உண்மைத் தொகை 342.

எண் பேசிற்று, பெயர் பேசவில்லை. வெர்சேல்ஸ் உடன்படிக்கையை மீறிப் படைக்கலம் செய்வதை மறைக்க வேண்டி, 1934 முதல் மவுசர் ஆலை தன் பெயரை விடுத்து ‘எஸ்/42’ என்று பொறித்தது. ஆண்டையும் மறைத்தனர்: ‘கே’ என்றால் 1934, ‘ஜி’ என்றால் 1935. அடுத்த ஆண்டில் அந்த நாணம் போயிற்று. 1936 என வெளிப்படையாகவே எழுதினர். ஆலையின் பெயர் மட்டும் மறைந்தே இருந்தது. 1941இல் மவுசர் ‘பி.ஒய்.எஃப்’ ஆயிற்று. புதிய பி.38 துப்பாக்கியில் ‘ஏ.சி’ வால்தரையும், ‘சி.ஒய்.க்யூ’ கட்டாய உழைப்பாளிகளைக் கொண்டு இயங்கிய ஸ்ப்ரீவெர்க்கையும் குறித்தன.

குறியீடாகக் கூட எஞ்சாமல் அழிந்த பெயரும் ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மன் படைக்கு லூகர் செய்யும் உரிமை சூல் நகரின் சிம்சன் நிறுவனத்திற்கு வழங்கப்பட்டிருந்தது. அந்நாளைய துப்பாக்கிகளில் ‘சிம்சன்’ என்ற பெயரை முழுமையாகப் படிக்கலாம். சிம்சன் குடும்பத்தார் யூதர். நாஜிகள் 1935இல் அவர்தம் ஆலையைப் பறித்துக்கொண்டனர். குடும்பத்தார் நாட்டைவிட்டுத் தப்பினர். அவ்வாலை பின்னர் ‘குஸ்ட்லோஃப்’ என்னும் நாஜி அறக்கட்டளையின் உடைமையாயிற்று (அறம் என்ற சொல் எங்கெல்லாம் அகப்பட்டுக்கொள்கிறது!). அக்குஸ்ட்லோஃப் நிறுவனமே புகன்வால்ட் வதைமுகாமின் அருகில் ஆலை அமைத்துக் கைதிகளின் உழைப்பால் துப்பாக்கி உறுப்புகள் செய்தது.

அரசின் ஏற்பு முத்திரை கழுகு வடிவினது. கழுகின்கீழ் உள்ள எண் ஆய்வாளர் பிரிவைச் சுட்டும்: வால்தரில் 359, ஸ்ப்ரீவெர்க்கில் 88. நாஜிச் சின்னம் தெளிவாக விழுந்திருந்தால் மிகை விலை தருவோர் உளர். அந்த ஆசை எனக்கு விளங்கவில்லை. அவ்வாசையே போலி முத்திரைகளுக்கும் பிறப்பிடம். பழைய எண்ணைத் தேய்த்துப் புதியது பொறித்து ஒற்றுமை காட்டும் வித்தகர் மலிந்துள்ளனர். சுவடிப் பதிப்பில் இடைச்செருகல் என்போமே, அதுதான் இது. தேர்ந்தவர் இலக்கத்தின் வடிவையும் பொறிப்பின் ஆழத்தையும் ஓரத்து மெருகையும் பார்த்து அதனைக் கண்டறிவர். ஆனால் எல்லா வேறுபாடும் பொய்யன்று. சோவியத் படை கைப்பற்றி, பிரித்துக் கலந்து, மறுமெருகிட்ட துப்பாக்கிகளில் எண்கள் ஒவ்வா. ‘எக்ஸ்’ போன்ற குறி இருக்கும். அவ்வொவ்வாமையே அவற்றின் வரலாறு. மவுசர் ஆலை 1945இல் பிரெஞ்சுக்காரர் கையில் வீழ்ந்தபின்னும் இயங்கிற்று. ஆகவே நாஜி அரசு அழிந்தபின் வந்த ‘எஸ்.வி.டபிள்யூ. 46’ என்ற பொறிப்பும் மெய்யானதே.

இவ்வகைப் பொறிப்புகளுள் என்னை மிகவும் நிறுத்தியது ஜெர்மனியில் பிறந்த துப்பாக்கியன்று. போலந்தின் ரடோம் நகரத்து ஆலை போருக்குமுன் ‘விஸ்’ என்னும் துப்பாக்கியைச் செய்துவந்தது. அதன் பக்கத்தில் முடிசூடிய போலந்துக் கழுகு இருந்தது. 1939இல் ஆலையைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அக்கழுகை நீக்கினர். ரடோம் என்ற பெயரை விட்டுவைத்து, ‘பி.35’ என்பதையும் போலந்தைச் சுட்டும் ஓர் எழுத்தையும் சேர்த்துத் தம் கழுகை 77 என்ற எண்ணோடு பொறித்தனர். ஆலைத் தொழிலாளர் உறுப்புகளை மறைத்து வெளியே கொண்டுசென்றனர். அவை விடுதலைப் படையினரிடம் முழுத் துப்பாக்கிகளாயின. செய்தி வெளிப்பட்டது. 1942இல் தொழிலாளர் பலர் ஊரறியத் தூக்கிலிடப்பட்டனர். தொழிலாளர் கையில் முழுத் துப்பாக்கி உருவாகலாகாது என்று கருதிய ஜெர்மானியர், குழல் செய்வதையும் இறுதிப் பொருத்தத்தையும் ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆலைக்கு மாற்றினர். அதன்பின் ரடோமில் செய்த உடலும் ஆஸ்திரியாவில் செய்த குழலும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்தன. போரின் கடைசி மாதங்களில் ஸ்டையரில் உருவான சிலவற்றில் ரடோமின் பெயரும் இல்லை, ‘பி.என்.இஸட்’ என்ற மூன்றெழுத்து மட்டும் இருக்கிறது.