போலீசுக்குப் போகுமா?

2020 கடைசியில் அம்மா சமூக மன்றத்தில் வரிசையில் நின்று டிரேஸ்டுகெதர் டோக்கன் வாங்கி வந்தார். சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டே கேட்டார்: "நாம யார்கூட இருந்தோம்னு இது போலீசுக்குப் போகுமா?" "போகாதும்மா, அமைச்சரே சொல்லிட்டாரு" என்றேன்.

சொன்னது உண்மைதான். 2020 ஜூன் 8 அன்று செய்தியாளர்களிடம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அந்தத் தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே என்று அழுத்தமாகச் சொல்லியிருந்தார். கருவி நாம் போகும் இடத்தைப் பதியவில்லை. பக்கத்தில் இருந்த மற்ற கருவிகளை புளூடூத் வழியாகக் குறித்து 25 நாள் வைத்திருந்தது, அவ்வளவுதான்.

2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில் கிறிஸ்டஃபர் டி சூசா ஒரு கேள்வி கேட்டார். குற்ற விசாரணைக்கு இந்தத் தரவைப் பயன்படுத்துவார்களா? உள்துறை துணை அமைச்சர் டெஸ்மண்ட் டானின் பதில் நேரடியானது: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் எந்தத் தரவையும் கேட்டுப் பெறக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு, இதுவும் அதில் அடக்கம். அன்றே இணையத்தளத்தின் தனியுரிமை அறிக்கையும் திருத்தப்பட்டது. மறுநாள் பாலகிருஷ்ணன், ஜூனில் பேசியபோது அந்தச் சட்டம் தன் நினைவில் இல்லை என்றார்.

பலர் இதைப் பொய் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, மறந்திருக்கலாம். தவிர, விலக்கு வேண்டுமென்றால் அதைச் சட்டத்தில் எழுத வேண்டும். செய்தியாளர் கூட்டத்தில் அமைச்சர் கொடுக்கும் வாக்கு போலீசாரின் கையைக் கட்டாது. சட்டம் படித்தவர்களுக்கு இது தெரியும். எனக்கும் அம்மாவுக்கும் தெரியாது.

என்னை உறுத்துவது வேறு. பிப்ரவரியில் அவரே நாடாளுமன்றத்தில் சொன்னார்: 2020 அக்டோபர் இறுதியில் பொதுமக்களில் ஒருவர் இதே சட்டத்தைக் குறிப்பிட்டுக் கேட்ட பிறகுதான் தன் தவறு தெரியவந்ததாம். அந்த அக்டோபரில்தான் மூன்றாம் கட்டத் தளர்வுக்குச் சுமார் 70 விழுக்காட்டினர் டிரேஸ்டுகெதரில் இருக்க வேண்டும் என்று அரசு அறிவித்திருந்தது. டிசம்பர் 28-ல் மூன்றாம் கட்டம் வந்தது. அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஜனவரி 4. இடையில் இரண்டு மாதம்! டோக்கன் வாங்க ஊரே வரிசையில் நின்ற அந்த வாரங்களில் ஜூன் வாக்கு திருத்தப்படாமல் அப்படியே கிடந்தது. நான் அம்மாவுக்குப் பதில் சொன்னதும் அப்போதுதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தவறுக்கு முழுப் பொறுப்பேற்று வருத்தம் தெரிவித்தார். பிப்ரவரி 2 அன்று நிறைவேறிய சட்டம், கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் போலீசார் தரவைப் பெறலாம் என்று வரம்பு கட்டியது. மீறி பயன்படுத்தினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வரம்பு வந்தது நல்லதுதான். ஆனால் ஜூனில் கேட்டது "மட்டுமே" என்ற சொல். கையில் கிடைத்தது ஏழு விதிவிலக்குகள்.

2023 பிப்ரவரியில் டோக்கனைத் திருப்பித் தரச் சொன்னார்கள். தரவெல்லாம் அழிக்கப்படும், 2020 மே மாதக் கொலை வழக்கு ஒன்றின் தரவு மட்டும் காலவரையறையின்றி வைத்திருக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அம்மா டோக்கனைக் கழற்றி என் கையில் தந்து, "அப்ப போயிருச்சா, போகலையா?" என்றார். "நம்மளது போகலைம்மா" என்றேன். இந்த முறை அமைச்சரைத் துணைக்கு அழைக்கவில்லை.