விக்கு விநாயக்ராம்

விக்கு விநாயக்ராம் என்று அழைக்கப்படும் டி. எச். விநாயக்ராம் (பிறப்பு: ஆகஸ்ட் 11, 1942) தமிழ்நாட்டைச் சேர்ந்த கடம் வாசிப்புக் கலைஞரும் இசை ஆசிரியரும் ஆவார். கருநாடக இசைக் கச்சேரிகளில் மிருதங்கத்துக்குத் துணையாக வாசிக்கப்பட்டு வந்த கடம் என்னும் மண்பானைக் கருவியை உலக மேடைகளில் அறிமுகம் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் சக்தி இசைக்குழுவிலும், அமெரிக்கத் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் பிளானட் டிரம் இசைத்தொகுப்பிலும் பங்கேற்றார். ஜாஸ், ஆப்பிரிக்கத் தாள இசை, இந்துஸ்தானி இசை ஆகியவற்றோடு இணைந்து வாசித்தபோதும், கருவியின் அமைப்பையோ கருநாடக லய இலக்கணத்தையோ இவர் மாற்றிக்கொள்ளவில்லை. இந்திய அரசின் பத்மசிறீ (2002), பத்மபூசண் (2014) விருதுகளைப் பெற்றுள்ளார்.

இளமையும் பயிற்சியும்

விநாயக்ராம் சென்னையில் இசைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை டி. ஆர். ஹரிஹர சர்மா தாள இசைக் கருவிகளைப் பயிற்றுவித்த புகழ் பெற்ற ஆசிரியர். விநாயக்ராம் தந்தையிடமே லயம் பயின்றார். இவருடைய உடன்பிறந்தவர்களுள் டி. எச். சுபாஷ் சந்திரனும் கடம் கலைஞராக விளங்கினார்.

1957 ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வி. வி. சடகோபனின் கச்சேரியில் வாசித்ததே இவரது முதல் மேடை நிகழ்ச்சியாகும். அடுத்த ஆண்டில் ஹரிஹர சர்மா சென்னையில் ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயா என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

கருநாடக இசை மேடைகளில்

கருநாடக இசைக் கச்சேரியில் மிருதங்கம் முதன்மையான பக்கவாத்தியம். கடம், கஞ்சிரா, மோர்சிங் ஆகியவை உபபக்கவாத்தியங்கள் எனப்படும். மிருதங்கம் வகுக்கும் வழியைப் பின்பற்றி வாசிப்பதே உபபக்கவாத்தியக் கலைஞரின் கடமை. தனி ஆவர்த்தனத்திலும் மிருதங்கம் முதலில் வாசிக்க, கடம் அதற்கு விடை கூறும். பல கச்சேரிகளில் கடம் இடம்பெறுவதே இல்லை.

இத்தகைய சூழலில் விநாயக்ராம் இளம் வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய முன்னணிக் கலைஞர்களுக்கு வாசித்தார். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது, வி. வி. சுப்பிரமணியம் வயலினும் டி. கே. மூர்த்தி மிருதங்கமும் விநாயக்ராம் கடமும் வாசித்தனர். எனவே கலப்பிசையில் ஈடுபடுவதற்கு முன்பே இவர் மரபிசையில் நிலைபெற்ற கலைஞராக இருந்தார்.

கருவியும் வாசிப்பு முறையும்

கடம் சுட்ட களிமண்ணால் ஆனது. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள மானாமதுரை கடம் தயாரிப்புக்குப் பெயர் பெற்ற ஊராகும். அப்பகுதிக் கண்மாய்களின் மண்ணைப் பிசைந்து சக்கரத்தில் வனைந்து, சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக அமையும் வரை மரத்தட்டால் ஆயிரக்கணக்கான முறை தட்டி, பின்னர் சூளையில் சுடுவர். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

மிருதங்கத்தில் வாரை இறுக்கியும் தளர்த்தியும் சுருதியைச் சேர்க்கலாம். கடத்தில் அதற்கு இடமில்லை. சூளையிலிருந்து வெளிவரும்போதே அதன் சுருதி ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆகையால் கடம் கலைஞர்கள் வெவ்வேறு சுருதி கொண்ட பல கடங்களை வைத்திருப்பர்.

கலைஞர் தரையில் அமர்ந்து, கடத்தின் வாய் தம் வயிற்றை நோக்குமாறு மடியில் வைத்து வாசிப்பார். கழுத்து, வயிறு, அடி ஆகிய பகுதிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாதம் தரும். விரல் நுனி, நகம், உள்ளங்கை, மணிக்கட்டு ஆகிய அனைத்தும் வாசிப்பில் பயன்படுகின்றன. சுவரைத் தட்டும்போது உலோகத்தை ஒத்த கூர்மையான ஒலி எழுகிறது. வாயருகே தட்டும்போது பானைக்குள் உள்ள காற்று அதிர்ந்து ஆழ்ந்த கீழ்ச்சுருதி ஒலி உண்டாகிறது. இது இயற்பியலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு எனப்படும். வாயை வயிற்றோடு அழுத்தித் திறப்பைக் குறைத்தால் அவ்வொலியின் சுருதி இறங்கும், விலக்கினால் ஏறும். ஒரே பானையில் கூர்மையான ஒலி, ஆழ்ந்த ஒலி ஆகிய இரண்டும் கிடைப்பது பின்னர் கலப்பிசையில் விநாயக்ராமுக்குப் பெரிதும் உதவியது.

சக்தி இசைக்குழு

1970களின் தொடக்கத்தில் ஜான் மெக்லாக்லின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவின் மூலம் மின்கிதாரும் உரத்த டிரம் வாசிப்பும் கொண்ட ஜாஸ்-ராக் இசையில் புகழ் பெற்றிருந்தார். இந்திய இசையில் ஈடுபாடு கொண்ட அவர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். பின்னர் வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் சாகிர் உசேன், விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி என்ற குழுவை அமைத்தார். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கரும் கருநாடக இசை மரபில் வந்தவர்.

இக்குழுவில் மின்கிதாரோ டிரம் தொகுதியோ இடம்பெறவில்லை. மெக்லாக்லின், ஒலிக்கும் துணைத் தந்திகள் பொருத்தித் தமக்கென வடிவமைக்கப்பட்ட மின்னியல்பற்ற கிதாரை வாசித்தார். 1975 சூலையில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் நடந்த நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டு முதல் இசைத்தொகுப்பாக 1976 இல் வெளிவந்தது. அதில் ராம்நாட் ராகவன் மிருதங்கம் வாசித்தார். அடுத்த இரு தொகுப்புகளில் மிருதங்கம் இல்லை.

விநாயக்ராமின் இசை வாழ்வில் இது முக்கியமான மாற்றமாகும். மிருதங்கத்தைப் பின்தொடர்ந்து வாசித்துப் பழகிய கடம், இங்கு பின்தொடர்வதற்கு மிருதங்கம் இல்லாமல் தபலாவுக்கு இணையாக நிற்க வேண்டியிருந்தது. தாளத்தைக் காப்பது, ஆழ்ந்த ஒலியால் இசைக்கு அடித்தளம் தருவது, தனித்து வாசிப்பது ஆகிய பொறுப்புகளில் கடமும் பங்கேற்றது. அதற்காக விநாயக்ராம் புதிய கருவியை உருவாக்கவில்லை. அதே மண்பானையையே, மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார்.

குழு 1978 அளவில் கலைந்தது. 1997 இல் ரிமெம்பர் சக்தி என்ற பெயரில் மீண்டும் கூடியபோது, மெக்லாக்லின், சாகிர் உசேன், புல்லாங்குழல் கலைஞர் அரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் விநாயக்ராமும் வாசித்தார்.

கலப்பிசையில் லய இலக்கணம்

வெவ்வேறு மரபினர் இணைந்து வாசிப்பதற்குத் தாளக் கணக்கு பொது மொழியாக அமைந்தது. கருநாடக இசையில் ஒரு சொற்கட்டை இடைவெளி விட்டு மும்முறை வாசித்து, தாளத்தின் தொடக்கமாகிய சமத்தில் முடிக்கும் வழக்கம் உண்டு. இது மோரா எனப்படும். எடுத்துக்காட்டாக, அட்சரத்துக்கு 4 மாத்திரை வீதம் ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரைகள் கொண்டது. 5 மாத்திரைச் சொற்கட்டை 2 மாத்திரை இடைவெளியுடன் மும்முறை வாசித்தால் 5+2+5+2+5 = 19 மாத்திரைகள் ஆகும். எனவே ஆவர்த்தனத்தில் 13 மாத்திரைகள் கழிந்த பின் தொடங்கினால், அடுத்த சமத்தில் சரியாக வந்து சேரலாம்.

இந்துஸ்தானி இசையில் இதற்கு இணையானது திகாயி எனப்படுகிறது. பெயரும் சொற்களும் வேறாயினும் கணக்கு ஒன்றே. இதனால் தபலாவும் கடமும் ஒன்றன் சொல்லை மற்றொன்று வாங்கி விடை கூற முடிந்தது. மேற்கத்திய இசையில் அருகி வழங்கும் 5, 7, 9 எண்ணிக்கைத் தாளக்கட்டுகளும் கண்டம், மிசுரம், சங்கீர்ணம் ஆகிய ஜாதிகளில் பயின்றவர்களுக்குப் புதியவை அல்ல. ஆகவே தம் மரபிலிருந்து விலகாமல், அதற்குள் இருப்பதைக் கொண்டே விநாயக்ராம் பிற இசைகளோடு உரையாடினார் எனலாம்.

எல். சங்கருடன் இணைந்து வழங்கிய பஞ்ச நடை பல்லவி (1990) இதற்குச் சான்றாகும். ஒரே பல்லவியை ஐந்து நடைகளில் விரிக்கும் இம்மரபுவழி இசையை, ஜாஸ் வெளியீடுகளுக்குப் பெயர் பெற்ற ஈசிஎம் என்ற ஜெர்மானிய நிறுவனம் வெளியிட்டது. சாகிர் உசேன் தபலா வாசித்தார்.

பிளானட் டிரம்

கிரேட்புல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம் கலைஞரான மிக்கி ஹார்ட், பல நாட்டுத் தாளக் கலைஞர்களை ஒன்றுசேர்த்து 1991 இல் பிளானட் டிரம் என்ற தொகுப்பை வெளியிட்டார். நைசீரியாவைச் சேர்ந்த பாபதுண்டே ஒலதுஞ்சி, சிக்கிரு அடிபோஜு, பிரேசிலைச் சேர்ந்த ஐர்டோ மொரெய்ரா, புளோரா பூரிம் ஆகியோருடன் சாகிர் உசேனும் விநாயக்ராமும் இதில் பங்கேற்றனர். சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, 1992 இல் இத்தொகுப்பே அதனைப் பெற்றது.

ஆசிரியப் பணி

தந்தை நிறுவிய வித்யாலயாவின் முதல்வராக விநாயக்ராம் பொறுப்பு வகித்தார். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டு வந்துள்ளன.

பெண் கடம் கலைஞர்களின் முன்னோடியான சுகன்யா ராம்கோபால் இப்பள்ளியில் பயின்றவர். இவர் கடம் கற்க விரும்பியபோது, கடினமான மண்பானையைத் தட்டுவது பெண்களுக்கு அரிது என விநாயக்ராம் கருதினார். எனினும் ஹரிஹர சர்மா சுகன்யாவுக்குத் தாமே பயிற்சி அளித்தார். பின்னர் அவரது திறமையைக் கண்டு விநாயக்ராமும் அவரைத் தம் மாணவியாக ஏற்றுக்கொண்டார். வெவ்வேறு சுருதிகள் கொண்ட பல கடங்களில் இராகங்களை வாசிக்கும் கடதரங்கம் சுகன்யாவின் சிறப்பாகும்.

அடுத்த தலைமுறை

விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிரா கலைஞர், தந்தையிடமும் ஜி. ஹரிசங்கரிடமும் பயின்றவர். இவர் ரிமெம்பர் சக்தி குழுவில் தந்தையின் இடத்தில் வாசித்தார். வெண்ணிலா கபடி குழு (2009) உள்ளிட்ட தமிழ்த் திரைப்படங்களுக்கு இசையமைத்துள்ளார். மற்ற மகன்களுள் உமாசங்கர் கடம் கலைஞர், மகேஷ் பாடகர். பேரன் சுவாமிநாதன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசிக்கிறார். மூன்று தலைமுறையினரும் ஒரே மேடையில் வாசித்துள்ளனர்.

சக்தி குழு 2023 இல் வெளியிட்ட திஸ் மொமென்ட் என்ற தொகுப்பு, 2024 பெப்ரவரியில் சிறந்த உலகளாவிய இசைத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. இதில் ஜான் மெக்லாக்லின், சாகிர் உசேன், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் செல்வகணேஷ் வாசித்திருந்தார். சாகிர் உசேன் 2024 திசம்பரில் காலமானார்.

விருதுகள்

- சங்கீத நாடக அகாதமி விருது, 1988
- பத்மசிறீ, 2002
- பத்மபூசண், 2014

பங்கேற்ற சில இசைத்தொகுப்புகள்

- சக்தி வித் ஜான் மெக்லாக்லின் (1976)
- எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி
- நேச்சுரல் எலிமென்ட்ஸ் (1977)
- பஞ்ச நடை பல்லவி (1990)
- பிளானட் டிரம் (1991)
- ரிமெம்பர் சக்தி (1999)

இவற்றையும் பார்க்க

- கடம்
- கஞ்சிரா
- கொன்னக்கோல்
- தனி ஆவர்த்தனம்
- மானாமதுரை